பல்லோடு பல் பொருந்தும் வேளை

பௌர்ணமி அன்று விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், காணை, கெடார் தாண்டிக் கண்டாச்சிபுரத்தை நெருங்கும்போது வண்டிகள் ஊர்ந்துதான் போகும். எல்லாம் கிரிவலக் கூட்டம். பஸ், வேன், கார், டூவீலர் என்று இத்தனை இரைச்சலுக்கு நடுவில் எங்கிருந்தோ ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தால், காது பழகியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பழைய அம்பாசடர் ஒன்று நின்ற இடத்திலிருந்து கிளம்பப் பார்க்கிறது. முதல் கியர் விழ மறுக்கிறது.

அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் படைத்தவனை நினைக்கத் தோன்றும். ஒன்றோடொன்று சேர வேண்டிய இரண்டு பொருள்கள், சேரும் முன்பு ஓர் ஒழுங்குக்கு வர வேண்டும் என்பது இவ்வுலகில் மனிதன் வகுத்த விதி இல்லை. மனிதன் இரும்பை உருக்கக் கற்கும் முன்பே அது இருந்தது. அந்த விதி மீறப்படுவதைத்தான் கியர் பாக்ஸ் வாய்விட்டுச் சொல்கிறது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு காதும் உள்ளங்கையும் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, வங்காளத்தில் உத்தர்பாராவிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1950-களின் கடைசியில் அம்பாசடரைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. பல ஆண்டுகள் கலெக்டருக்கும் டாக்டருக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் அதுவே கார். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டுகளில் வெள்ளை அம்பாசடர்கள் வரிசையாக நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த வண்டியின் நான்கு கியர் பெட்டியில் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது கியர்களுக்குத்தான் சின்க்ரோ, அதாவது பற்கள் பூட்டும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, உண்டு. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. ஆகவே முதல் கியர் கத்துகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வண்டிக்கு நோய் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஓட்டுகிறவரின் அவசரமாகவும் இருக்கலாம்.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சின் சுற்றினால் கிளட்ச் வழியாக கியர் பாக்ஸின் முன் தண்டு சுற்றும். அது கீழே படுத்திருக்கும் லே ஷாஃப்டைச் சுற்றவைக்கும். லே ஷாஃப்டில் உள்ள பற்சக்கரங்கள் மேலே மெயின் ஷாஃப்டில் உள்ள சக்கரங்களுக்கு வேகத்தைக் கொடுக்கும். மெயின் ஷாஃப்ட் பின் சக்கரங்களோடு கட்டுண்டது. வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். கிளட்சை மிதித்ததும் எஞ்சின் பிரிந்துவிடுகிறது. ஆனால் லே ஷாஃப்ட் உடனே நிற்காது. சுற்றிய வேகத்தில் இன்னும் சில நொடிகள் சுற்றும். அந்த நொடிகளுக்குள் லீவரை இழுத்தால், சுற்றுகிற பல்லும் நிற்கிற பல்லும் மோதுகின்றன. ஒரு சக்கரத்தில் 18 பல் இருந்து அது நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 240 பல் நிற்கும் பல்லின் மேல் தட்டிக்கொண்டு போகும். அந்த 240 தட்டல்களும் சேர்ந்து நம் காதில் ஒரே ‘கர்ர்’ ஆகக் கேட்கின்றன.

பழைய லாரி டிரைவர்கள் இதை டபுள் கிளட்ச் போட்டுச் சமாளித்தார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலேட்டரைத் தட்டி முன் தண்டின் வேகத்தை ஏற்றி, மறுபடி மிதித்துக் கீழ் கியர். இரண்டு வேகங்களையும் காதாலேயே அளந்து ஒன்றாக்கும் வித்தை அது. அந்த வேலையைப் பெட்டிக்குள்ளேயே செய்துமுடிக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பை ஏர்ல் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். 1928-ல் கேடிலாக் காரில் அது வந்தது. கூம்பு வடிவில் ஒரு பித்தளை வளையம். கியர் பூட்டுவதற்கு முன்னால் அது எதிர்க் கூம்பின் மேல் உரசி இரண்டு வேகங்களையும் சமப்படுத்துகிறது. பின்னாளில் வந்த அமைப்பில், வேகம் சமமாகும்வரை இந்த வளையமே குறுக்கே நின்று வழி விடாமல் தடுக்கும். சமமானதும் தானே விலகி வழி விடும்.

சேரும் முன் ஒத்துப்போகும் இந்த ஒழுங்கை மனிதன் காருக்குள் கொண்டுவர 1928 வரை ஆயிற்று. ஒரு பூச்சியின் காலில் இது எப்போதோ எழுதப்பட்டுவிட்டது.

ஐரோப்பாவில் ஐவிக் கொடிகளில் வாழும் இஸ்ஸஸ் என்ற தத்துப்பூச்சியைப் பற்றிய ஆய்வை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மால்கம் பர்ரோஸும் கிரிகரி சட்டனும் 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அந்தப் பூச்சியின் குஞ்சுப் பருவத்தில், பின்கால்கள் இரண்டும் உடம்போடு சேரும் இடத்தில் காலுக்கொரு பல்வரிசை இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் 10 முதல் 12 பல். வரிசையின் மொத்த நீளமே ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. இடது காலின் பல்லும் வலது காலின் பல்லும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கின்றன. அசல் கியர், இயங்குகிற கியர்.

எதற்கு? இந்தக் குஞ்சு துள்ளும் துள்ளல் நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அதன் உடல் புவியீர்ப்பைப் போல நானூறு மடங்கு வேகமுடுக்கத்தைத் தாங்குகிறது. ஒரு கால் கொஞ்சம் முந்தி, ஒரு கால் கொஞ்சம் பிந்தினாலும் பூச்சி நேராகப் போகாமல் சுழன்று விழும். நரம்பு வழியாக இரண்டு கால்களுக்கும் செய்தி அனுப்பி ஒத்துப்போகவைக்க நேரம் போதாது. நரம்பில் ஒரு துடிப்பு எழுந்து அடங்கவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகிவிடும். அதனால் நரம்பை நம்பாமல் பல்லை நம்பும்படி அது படைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கால்களும் நொடியின் பத்து லட்சத்தில் 30 பங்கு வித்தியாசத்துக்குள் ஒன்றாக நகர்கின்றன.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் மெய் சிலிர்க்கும். பல் முளைக்கும் அடிப்பகுதி ஒவ்வொன்றும் கூர்மூலையாக இல்லாமல் வளைவாக இருக்கிறது. பட்டறையில் கியர் வெட்டுகிற எவரையும் கேளுங்கள்: அடியில் வளைவு விடாமல் கூராக வெட்டினால் அங்கேதான் விரிசல் விழும், பல் முறியும். நம் தொழிற்சாலைகள் முறிந்த கியர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம், ஒரு குஞ்சுப்பூச்சியின் காலில் ஏற்கெனவே இருக்கிறது. துள்ளுவதற்கு முன் கால்களை மடக்கித் தயாராகும்போதே பற்கள் பொருந்திவிடுகின்றன. அதன் பிறகுதான் விசை பாய்கிறது. பொருந்திய பிறகே பலம் என்ற இந்த வரிசையைத்தான் நம் டிரைவிங் ஸ்கூலிலும் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கண்டாச்சிபுரத்தைச் சுற்றி நெல் போடுகிறவர்களுக்குத் தத்துப்பூச்சி புதிதில்லை. பயிரின் தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக் கழனியை வட்டம் வட்டமாகக் காய வைக்கும் புகையான், இந்த இஸ்ஸஸின் பெருங்குடும்பத்து உறவுதான். விவசாயியைக் கலங்கவைக்கும் ஒரு குலத்திலும் இப்படியோர் அருமையைப் படைத்தவன் ஒளித்துவைத்திருக்கிறான்.

இனிப் பட்டறைக்குப் போகலாம். கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. கல்யாண வாடகைக்குப் போகிற அம்பாசடர் ஒன்று வந்து நின்றது. எந்த கியர் போட்டாலும் கத்துகிறது, ரிவர்ஸ் விழவே மாட்டேன் என்கிறது என்று டிரைவர் சொன்னார். “பாக்ஸை இறக்கிடலாமாண்ணே?” என்று கேட்டார். மெக்கானிக் பெரியவர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “இரு தம்பி, மொதல்ல அது என்னா சொல்லுதுன்னு கேட்டுக்கலாம்” என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டு நாலு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் வெண்ணெயாக விழுந்தன. லீவரிலிருந்து பாக்ஸ்வரைக்கும் உள்ள ராடு, புஷ் எதுவும் மக்கர் செய்யவில்லை என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று. ஸ்டீயரிங் பக்கத்தில் லீவர் உள்ள பழைய வண்டிகளில் இந்த புஷ்கள் தேய்ந்துபோனால் கியர் பாதியில் நிற்கும். ஆகவே அதை முதலில் ஒதுக்குவது முறை. அடுத்து எஞ்சினை ஓடவிட்டார். கிளட்சை அடிவரை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். லே ஷாஃப்ட் தானாக நின்றுபோகப் போதுமான நேரம் காத்திருந்து, ரிவர்ஸை இழுத்தார். கர்ர் என்றது. காத்திருந்தும் கத்துகிறதென்றால் முன் தண்டை ஏதோ இன்னும் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. கடைசியாக பெடலை நாலைந்து தடவை வேகமாக அடித்துவிட்டு, மிதித்த கால் மிதித்தபடி இருக்க மறுபடி இழுத்தார். சத்தமே இல்லாமல் விழுந்தது.

அந்த வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக். அடிக்க அடிக்கச் சரியாகிறதென்றால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் விட்டுக்கொடுக்கிறது. கீழே படுத்துப் பார்த்தார். ஸ்லேவ் சிலிண்டர் ஈரமாக இருந்தது. கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை. அதற்குள் ஒரு பல்லுக்கும் ஊறு இல்லை. வாஷர் மாற்றி ஏர் எடுத்ததோடு வேலை முடிந்தது.

ஹைட்ராலிக் சரியாக இருந்தும் கிளட்ச் பிரியாவிட்டால் சந்தேகம் வேறு பக்கம் போகும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டிகளில், மழைக்காலத்து ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது தண்டின் மேல் நழுவ வேண்டிய பிளேட்டின் நடுப்பகுதி துருப்பிடித்து நழுவ மறுக்கும். பிளேட் வளைந்திருக்கலாம். ஃப்ளைவீல் நடுவிலிருக்கும் சின்ன புஷ் இறுகிப்போய், கிளட்ச் பிரிந்த பிறகும் முன் தண்டை இழுத்துக்கொண்டு சுற்றலாம். பழைய வண்டியை அழகாகத் துடைத்து மூடிவைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள்.

ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால் கதை மாறும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது மட்டும் கர்ர் என்கிறது, மற்றதெல்லாம் மௌனம் என்றால் கிளட்சின் மேல் பழி இல்லை. டபுள் கிளட்ச் போட்டு இறக்கிப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால், வேகத்தைச் சமப்படுத்தும் அந்தப் பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது செய்ய வேண்டியதை உங்கள் கால் செய்துவிட்டது. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சின்க்ரோ உள்ள கியர்களில் பெரிய பற்சக்கரங்கள் எப்போதும் பொருந்தியேதான் சுற்றுகின்றன. கத்துவது அவை இல்லை. பக்கத்தில் இருக்கும் பூட்டுப் பற்கள். ஆகவே அந்தக் கத்தலைக் காலத்தோடு கேட்டால் வளையத்தோடு செலவு முடியும். கேட்காமல் விட்டால் பூட்டுப் பல்லின் முனை மழுங்கும், பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் எகிறத் தொடங்கும்.

கியர் போடும்போது வராமல், நியூட்ரலில் நிற்கும்போது உறுமி, கிளட்சை மிதித்ததும் அடங்குகிற சத்தம் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குகளின் முனகல். மிதித்தால் மட்டும் வருகிற சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. எண்ணெயை வடித்தால் அதுவும் பேசும். அடைப்பான் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு இருந்தால் பயமில்லை, அது வயதின் தேய்மானம். ஊசி ஊசியாக இரும்புச் சீவல் இருந்தால் எங்கோ பல் உதிர்கிறது. எண்ணெயில் பொன்துகள் மின்னினால் அது பித்தளை வளையத்தின் மேனி. ஜிஎல்-5 ரக எண்ணெய் பலவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மம் பித்தளையை அரிக்கக்கூடியது. வழுவழுப்பும் அதிகம் என்பதால் வளையம் உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கிவிடும். விலை உயர்ந்த எண்ணெய்தானே என்று ஊற்றாமல், வண்டியின் கையேடு சொல்வதை ஊற்ற வேண்டும்.

இவ்வளவும் அந்தப் பெரியவர் கண்டுபிடித்தது எந்தக் கருவியால்? லீவரைப் பிடித்த கையாலும் காதாலும். நான் திரும்பத் திரும்ப வியப்பது இங்கேதான்.

நம் உள்ளங்கைத் தோலுக்கு அடியில், ஒரு மில்லிமீட்டர் அளவில், வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காகச் சுற்றிய உணரிகள் புதைந்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பிலிப்போ பாச்சினி என்ற இத்தாலியர் விவரித்ததால் அவை பாச்சினி உணரிகள் எனப்படுகின்றன. அதிர்வை உணர்வதற்கென்றே ஏற்பட்டவை. நொடிக்கு 200 முதல் 300 அதிர்வுகள்வரை உள்ள எல்லையில்தான் அவை மிகமிகக் கூர்மை. அங்கே ஒரு மைக்ரானுக்கும் குறைவான நடுக்கத்தைக்கூடப் பிடித்துவிடும். மேலே கணக்குப் போட்டோமே, நொடிக்கு 240 தட்டல். அது நேராக இந்த எல்லைக்குள் விழுகிறது. முதல் கார் ஓடுவதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்னால் மனிதக் கைக்குள் வைக்கப்பட்ட ஓர் உணரிக்கு, கியர் பல்லின் நடுக்கம் தன் மொழியாகவே கேட்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்துபோக என் மனம் இடம் கொடுக்கவில்லை.

காதின் கதையும் அப்படித்தான். நத்தைக்கூட்டு வடிவத்தில் சுருண்டிருக்கும் உட்காதுக்குள் ஒரு சவ்வு. உயர்ந்த ஒலி அதன் வாசலருகே அலை எழுப்பும். தாழ்ந்த ஒலி உள்முனைவரை போய் அலை எழுப்பும். இதைக் கண்டு சொன்ன கியார்க் வான் பெக்கேசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. மூளைக்குச் செய்தி அனுப்பும் உள்வரிசை முடிச் செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 3,500-தான். அவ்வளவை வைத்துக்கொண்டுதான் பேரிங் உறுமலையும் பல் கத்தலையும் ரிலீஸ் பேரிங்கின் கீச்சையும் ஒரு மனிதர் பிரித்துச் சொல்கிறார். பஸ் ஹாரனும் பக்கத்துக் கல் குவாரியின் கிரஷர் இரைச்சலும் சேர்ந்து கேட்கும் ஊரில்.

ஆனால் இழந்தால் திரும்பாது என்ற ஒரு நிபந்தனையோடுதான் இது தரப்பட்டிருக்கிறது. இஸ்ஸஸ் குஞ்சு தோல் உரிக்கும்போதெல்லாம் பல்வரிசை புதிதாக வருகிறது. கடைசித் தோலை உரித்து முழுப்பூச்சி ஆனதும் அந்தப் பற்கள் இல்லை; அதன் பிறகு இரண்டு கால்களும் ஒன்றோடொன்று உரசும் பிடிப்பிலேயே ஒத்துப்போகின்றன. இனித் தோல் உரிக்காத பருவத்தில் ஒரு பல் முறிந்தால் சரிசெய்ய வழியில்லை, அதனால் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மனிதக் காதின் முடிச் செல்லும் அப்படியே. பறவைகளுக்கு அது செத்தால் மறுபடி முளைக்கும்; நமக்கு முளைக்காது. கிரைண்டரும் சுத்தியலும் காற்றுத் துப்பாக்கியும் இரையும் பட்டறையில் காது மூடாமல் வேலை செய்கிற தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. அவர்களுடைய உயர்ந்த கருவி அது. வாங்க எந்தக் கடையிலும் கிடைக்காது.

கியர் பல்லும் முளைக்காது. அம்பாசடரின் உற்பத்தி நின்றுவிட்டது. நல்ல புதுப் பற்சக்கரம் தேடி அலைவது இனி வருடத்துக்கு வருடம் கடினமாகத்தான் ஆகும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களை வேண்டிக் கேட்கிறேன். நின்ற இடத்தில் முதல் கியர் போடும் முன், கிளட்சை மிதித்து ஒரு மூச்சு விடும் நேரம் பொறுங்கள். பொறுக்க முடியாத நெரிசல் என்றால் லீவரை முதலில் இரண்டாவது கியர் பக்கம் தொட்டு எடுத்துவிட்டு முதலுக்கு வாருங்கள். இரண்டாவதன் சின்க்ரோ வளையம் லே ஷாஃப்டை நிறுத்திக் கொடுக்கும். பொறுத்தும் கத்தினால் ஹைட்ராலிக் எண்ணெயின் அளவையும் பெடலின் பிளேவையும் அன்றைக்கே பாருங்கள். எஞ்சினை அணைத்து ஒரு தடவை, ஓடவிட்டு ஒரு தடவை, பெடலை அடித்து ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் எவர் சொன்னாலும் கியர் பாக்ஸை இறக்க விடாதீர்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் பையன்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.